குளோரிந்தாவின் பேரில் ஒரு கண்ணாடிச் சில்லு

புன்டா அரினாஸ்
17 மார்ச் 1996

அன்புள்ள எடெல்மிரா அக்காவுக்கு,

இந்தக் கடிதம் தீவுக்கு வந்து சேரும்போது நீயும் உன் ஆடுகளும் அந்தக் கிழட்டு நாயும் சுகமாக இருக்க வேண்டும். நாங்கள் இங்கே சுகம். எவாரிஸ்தோவுக்கு முட்டிவலி, எனக்கு எவாரிஸ்தோ. முப்பத்தொரு வருஷக் கல்யாணத்தில் இதைவிடப் பெரிய குறை இல்லாதது ஆண்டவர் கிருபை.

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லித் தொலைக்கிறேன். பாவசங்கீர்த்தனத்தில் சொல்லலாம் என்றால் எங்கள் சாமியாருக்கு இருபத்தெட்டு வயது, காது சிவந்து ஓடிவிடுவார். உன் வீட்டிலிருந்து திரும்பி வந்த மறுநாளே பேட்டை மருத்துவமனை வாசலில் மருத்துவச்சியம்மா என்னை மடக்கினாள்.

"குளோரிந்தா, ஐம்பத்தேழு வயசாச்சு. பாப் பரிசோதனைக்கு எப்பதான் வரப்போறீங்க?"

ஆறு வருஷமாக இவளுக்குச் சாக்குச் சொல்லி வருகிறேன். ஒரு வருஷம் சளி. ஒரு வருஷம் விருந்தாளி. ஒரு வருஷம் மாமியார் செத்துவிட்டாள் என்றேன். அடுத்த வருஷம் மறதியில் அவளையே இன்னொரு தடவை சாகடித்தேன். இந்த முறை வாய் தானாகவே, "அதான் அக்கா தீவுப் பக்கம் மருத்துவப் படகு வந்தப்பவே எடுத்துட்டேனே!" என்றது. அவள் முகம் மலர்ந்து, "ரொம்ப சந்தோஷம்" என்று என் பேருக்கான பக்கத்தில் பென்சிலால் எழுதிக்கொண்டாள். கர்ப்பப்பை வாயை ஒரு குச்சியால் வருடிக் கண்ணாடிச் சில்லில் தேய்த்து அனுப்புகிற வேலை, இரண்டு நிமிஷம்தானாம். இருக்கட்டும். அந்தக் கட்டிலில் காலை அகட்டிப் படுத்துக்கொண்டு அவளோடு மழையைப் பற்றிப் பேச என்னால் ஆகாது.

இரண்டாவது, என் அடையாள அட்டையைக் காணோம். கப்பலில் டிக்கெட் பார்த்தவன் என் மூட்டையிலிருந்து வந்த புகைபோட்ட மட்டி வாசத்தை மோந்துவிட்டு, "சிலோவேத் தீவுக்காரி, போம்மா" என்று விட்டுவிட்டான். உன் வீட்டில் எங்காவது கிடக்கிறதா பார்.

மூன்றாவது, நீ ஏன் இப்படி இளைத்துப் போனாய்? புகைக்கொட்டகைக்குப் பின்னால் துணிகள் காய்ந்ததைப் பார்த்தேன். கேட்டதற்கு விளக்குத் துடைக்கிற துணி என்றாய். உன் வீட்டில் விளக்கு ஒன்று. துணி பதினாலு. நான் எண்ணினேன், உனக்குத்தான் என்னைத் தெரியுமே.

முத்தங்களுடன்,
குளோரிந்தா


லாய்மாவே தீவு, சிலோவே
9 ஏப்ரல் 1996

அன்புத் தங்கைக்கு,

நீயும் எவாரிஸ்தோவும் நலம் என்று அறிந்து நிம்மதி. இங்கே நானும் நலம், நாயும் நலம்.

உருளைக்கிழங்கு தோண்டி முடிந்தது. நீலக்கிழங்கு இந்த வருஷம் நன்றாக வந்திருக்கிறது. அட்டையை நான் பார்க்கவில்லை. கோட்டின் உள்துணி கிழிந்திருக்கும், அதற்குள் பார். பொய் சொன்னதற்கு இரண்டு ஜெபமாலை சொல். மாமியாருக்காகத் தனியாக ஒன்று.

ஒரு விஷயம் கேட்க வேண்டும். இங்கே டெல்ஃபினா என்று ஒருத்தி, உனக்குத் தெரியாது, புதிதாக வந்தவள். மாதவிலக்கு நின்று பதினாறு வருஷம் ஆனபிறகு மறுபடி கொஞ்சம் கொஞ்சமாக ரத்தம் படுகிறதாம். மூட்டை தூக்கியதால் இருக்குமா என்று கேட்கிறாள். நகரத்தில் யாரிடமாவது பேச்சோடு பேச்சாகக் கேட்டு எழுது. என் பெயரைச் சொல்லாதே. அவள் பெயரும் வேண்டாம்.

மருத்துவமனையிலிருந்து உனக்குக் கடிதம் ஏதாவது வந்தால் தொலைத்துவிடாதே.

எவாரிஸ்தோவின் முட்டிக்கு ஆட்டுக்கொழுப்பு தேய்க்கவும்.

உன் அக்கா,
எடெல்மிரா


புன்டா அரினாஸ்
30 ஏப்ரல் 1996

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம்தானே? இந்த முறை இதைச் சும்மா கேட்கவில்லை, பதில் வேண்டும்.

நாற்பது வீடு இருக்கிற தீவில், எனக்குத் தெரியாமல் ஒருத்தி குடிவந்து, மாதவிலக்கும் நின்று, பதினாறு வருஷமும் ஆகிவிட்டதா? போகட்டும் என்று மருத்துவச்சியம்மாவிடம் பேச்சோடு பேச்சாகக் கேட்டேன்.

"ஒருத்திக்கு நின்னு ரொம்ப வருஷம் கழிச்சு மறுபடி படுதாம். மூட்டை தூக்கினாளாம். இளமை திரும்புதோ என்னமோ, ஹி ஹி."

அவள் சிரிக்கவில்லை. பேனாவைக் கீழே வைத்தாள். "யாரு அது?"

"டெல்ஃபினான்னு ஒருத்தி."

"அந்த டெல்ஃபினாவை நாளைக்கே எந்த மருத்துவமனைக்காவது போகச் சொல்லுங்க. மூட்டை தூக்கினதால எல்லாம் வராது. நின்னுபோன பிறகு ஒரு சொட்டு பட்டாலும் பாத்தே ஆகணும். ஒண்ணுமில்லாமலும் இருக்கலாம். கர்ப்பப்பை வாயில புற்றாவும் இருக்கலாம். வீட்டுல உக்காந்து யோசிச்சா தெரியாது."

இது திங்கட்கிழமை. புதன்கிழமை எனக்கு மருத்துவமனைக் கடிதம் வந்தது. என் பரிசோதனையில் இயல்பல்லாத உயிரணுக்கள் தெரிகின்றனவாம், மேற்கொண்டு பார்க்க உடனே வரவேண்டுமாம். எந்தப் பரிசோதனை? நான் எடுத்துக்கொள்ளவே இல்லாத பரிசோதனை! அக்கா, ஒரு மணி நேரம் சமையலறையில் உட்கார்ந்து அழுதேன். பொய் சொன்ன வாய்க்கு ஆண்டவர் அஞ்சலில் தண்டனை அனுப்பிவிட்டார் என்று நினைத்தேன். நான் சமைத்துப்போடுகிற விடுதியில் சாப்பிட வந்த எண்ணெய்க்கிணற்று ஆட்கள் பத்துப் பேருக்கும் அன்று கரிந்த சூப்புதான்.

பிறகு கண்ணாடி போட்டுக்கொண்டு தேதியைப் பார்த்தேன். பிப்ரவரி 21. இடம், உன் எதிர்த்தீவு. அன்று நான் முந்தின நாள் குடித்த ஆப்பிள் மதுவின் தயவில் உன் சமையலறைப் பெஞ்சில் தலையைப் பிடித்துக்கொண்டு கிடந்தேன். நீதான் பாலாடைக்கட்டி விற்க எதிர்த்தீவுக்குப் போனாய். "குளிருது, உன் நீலக் கோட்டைக் குடுடி" என்று வாங்கிப் போட்டுக்கொண்டு போனாய். கோட்டுப் பையில் என் அட்டை. சாயங்காலம் பாலாடைக்கட்டி அத்தனையும் கூடையோடு திரும்பி வந்தது. யாரும் வாங்கவில்லை என்றாய். உன் பாலாடைக்கட்டியை எதிர்த்தீவில் யாரும் வாங்கவில்லையாம். அன்றைக்கே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். தலைவலி.

அக்கா, டெல்ஃபினா என்று யாரும் இல்லைதானே?

உடனே எழுது.

குளோரிந்தா


புன்டா அரினாஸ்
26 மே 1996

அக்கா,

நீ சுகமா இல்லையா என்று தெரியாததால் அந்த வரியைத் தாண்டிப் போகிறேன்.

நாலு வாரமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. இங்கே மருத்துவமனையிலிருந்து இரண்டாவது கடிதமும் வந்தது. நான் போகவில்லை. போனால் என்ன சொல்வது? "அந்தக் கண்ணாடிச் சில்லில் இருக்கிறது நானில்லை" என்றால், "பின்னே யார்?" என்பாள். உன்னைக் கேட்காமல் உன் பெயரைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஊரில் எல்லார் கதையையும் சொல்கிற வாய் இது.

காலை ஏழரைச் செய்திக்குப் பிறகு வானொலியில் பண்ணைகளுக்கும் தீவுகளுக்கும் தகவல் படிப்பார்களே, அதை ஊரில் கேட்காதவர்கள் செவிடர்கள் மட்டும்தான். செவ்வாய்க்கிழமை படித்தார்கள்: "திரு. சோட்டோவுக்கு, உங்கள் காளை ஆற்றங்கரையில் எங்களிடம் இருக்கிறது. திருமதி குளோரிந்தா மன்சியாவுக்கு, உங்கள் பரிசோதனை முடிவு தொடர்பாக உடனடியாக மருத்துவமனைக்கு வரவும். இது மூன்றாவது அழைப்பு."

காளையும் நானும்.

எட்டேகாலுக்குள் என் வீட்டில் மூன்று கேக்கும் ஒரு கோழியும் சேர்ந்துவிட்டன. சிலோவேக்காரர் சங்கத் தலைவி எர்மெலிந்தா என்னைக் கட்டிக்கொண்டாள்.

"அழாதே குளோரிந்தா. நாங்க இருக்கோம்."

"நான் அழலைடி. வெங்காயம் நறுக்குறேன்."

"எங்க அத்தையும் கடைசி வரைக்கும் அப்படித்தான் சொன்னா."

எவாரிஸ்தோ எழுந்தான். போய்த் தட்டுகளைக் கழுவினான். முப்பத்தொரு வருஷத்தில் முதல் தடவை! அதனாலேயே அவனிடம் உண்மையைச் சொல்ல இரண்டு நாள் தாமதித்தேன். சொன்னதும், "அப்ப தட்டு?" என்று கேட்டான்.

சங்கம் எனக்காக பிங்கோ நடத்தப்போகிறதாம். எண் கூப்பிட்டுப் பரிசு கொடுத்து என் வைத்தியத்துக்கு உதவி. என்னைவிட ஆரோக்கியமாக இந்த ஊரில் குதிரைகள்தான் இருக்கின்றன, அக்கா. தெருவில் நடந்தால் ஆண்கள் தொப்பியைக் கழற்றுகிறார்கள்.

ஜூன் பதினைந்துக்குள் உன் கையெழுத்து வரவில்லை என்றால் அதே வானொலிக்கு நானும் போவேன். "லாய்மாவே தீவு திருமதி எடெல்மிரா மன்சியாவுக்கு: அந்தத் துணிகளைப் பற்றித் தங்கைக்கு எழுதவும்." உன் தீவு மொத்தமும் கேட்கும். செய்வேன் என்று உனக்குத் தெரியும்.

குளோரிந்தா


லாய்மாவே தீவு
8 ஜூன் 1996

தங்கைக்கு,

நலம் என்று எழுதித் தொடங்குவதுதான் வழக்கம். இந்தத் தடவை அதை எழுதவில்லை.

டெல்ஃபினா நான்தான்.

போன செப்டம்பரில் ஆரம்பித்தது. கொஞ்சம்தான். கடற்பாசி மூட்டை தூக்கியதால் என்று நினைத்தேன். மூட்டை தூக்குவதை விட்டேன். நிற்கவில்லை. செந்தட்டி இலைக் கஷாயம் குடித்தேன். நிற்கவில்லை. ஜனவரியில் நீ வந்தாய். சொல்ல நினைத்தேன். நீ சிரித்துக்கொண்டே இருந்தாய்.

எங்கள் தீவின் மருத்துவ நிலையத்தைப் பார்த்துக்கொள்வது லிசாந்த்ரோ. என் ஞானப்பிள்ளை. ஞானஸ்நானத் தொட்டியில் அவனை ஏந்தியது நான். என் நல்ல பாவாடையில் மூத்திரம் பெய்தவன். இப்போது முப்பத்துநாலு வயது, மீசை வைத்திருக்கிறான். மருத்துவச்சி படகில் வரும் நாளில் அங்கே மின்சாரம் இல்லாததால் அவன் விளக்குப் பிடிக்கிறான் என்று பெண்கள் சொன்னார்கள். அவன் விளக்குப் பிடிக்க நான் எப்படிப் படுப்பது? பிறகு ஞாயிற்றுக்கிழமை பூசையில் அவன் முகத்தை எப்படிப் பார்ப்பது?

அவன் கதவில் ஒரு தாளும் ஒட்டியிருக்கிறது. பாப் பரிசோதனை, 25 முதல் 64 வயது வரை. எனக்கு 67. எனக்கு வாசிக்கத் தெரியும்.

அதனால் எதிர்த்தீவுக்குப் போனேன். உன் கோட்டு, உன் அட்டை, உன் வயது. அங்கே வந்த மருத்துவச்சி புதியவள். "ஐம்பத்தேழா?" என்று முகத்தைப் பார்த்தாள். எங்கள் பக்கம் காற்று அதிகம் என்றேன். முகவரி கேட்டாள், உன்னுடையதைச் சொன்னேன். முடிவுக் கடிதம் இங்கே வந்தால் தபால் பையைப் பிரிப்பது லிசாந்த்ரோ. "ரத்தம் ஏதாவது படுகிறதா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். உன் பேரில் படுவதாகச் சொல்ல மனம் வரவில்லை.

அவ்வளவுதான். உன்னை அழவைத்ததற்கும் அந்த சூப்புக்கும் மன்னிப்பு.

ஜூலையில் பன்றி அடிக்க வேண்டும். செப்டம்பரில் ஆடுகள் குட்டி போடும். அதற்குப் பிறகு பார்க்கலாம். நீ மருத்துவமனையில் ஏதாவது சொல்லிச் சமாளி, உனக்கு வரும்.

அட்டை இத்துடன் அனுப்பிய கம்பளிக் காலுறையில் இருக்கிறது. இடது கால்.

எடெல்மிரா


புன்டா அரினாஸ்
23 ஜூன் 1996

என் அக்காவுக்கு,

காலுறை கிடைத்தது. சாமர்த்தியசாலி நான் வலதைத்தான் முதலில் உதறினேன். அட்டையைப் பார்த்தேன். உன் கடிதத்தை ஐந்து தடவை படித்தேன். எவாரிஸ்தோவுக்கும் படித்துக் காட்டினேன். மன்னித்துக்கொள், அவன் யாரிடமும் சொல்லமாட்டான். என்னிடமே எதுவும் சொல்லமாட்டான்.

சனிக்கிழமை பிங்கோ நடந்துவிட்டது. நிறுத்தச் சொல்லி எர்மெலிந்தாவிடம் போனேன், "பெருந்தன்மையைப் பாருங்க!" என்று அதற்கும் அழுதாள். சங்க மண்டபத்தில் இருநூறு பேர். முதல் பரிசு உயிருள்ள ஆட்டுக்குட்டி. சும்மா உட்கார்ந்திருந்தால் நன்றாக இருக்காதே என்று நானும் ஒரு சீட்டு எடுத்தேன். எண் கூப்பிடக் கூப்பிடக் கட்டம் நிறைகிறது. கடைசி எண் வந்தபோது கையால் மூடிக்கொண்டேன். பக்கத்தில் இருந்தவள் எட்டிப் பார்த்து, "குளோரிந்தாவுக்குத்தான்!" என்று கத்திவிட்டாள். மண்டபமே எழுந்து நின்றது. இது வானத்திலிருந்து வந்த அடையாளம் என்றார் சாமியார். கல்லுப்போல ஒரு பெண்பிள்ளை மேடையில் ஆட்டுக்குட்டியைக் கட்டிக்கொண்டு நிற்க, ஊரே கைதட்டி அழுகிறது. ஆடு என் மேல் புழுக்கை போட்டது. அது ஒன்றுக்குத்தான் விஷயம் தெரிந்திருந்தது.

அன்றைக்கே முடிவு பண்ணினேன். திங்கட்கிழமை காலை மருத்துவச்சியம்மா முன்னால் உட்கார்ந்து, மாமியாரின் இரண்டு சாவிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் கொட்டினேன். அவள் நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். தோள் குலுங்கியது. சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை. இரண்டும்தான்.

"உங்க அக்காவுக்கு என்ன வயசு?"

"அறுபத்தேழு. அதான், அறுபத்துநாலுக்கு மேல கிடையாதுன்னு கதவுல..."

"அட ஆண்டவரே! அது ஒரு தொந்தரவும் இல்லாதவங்களை நாங்களா கூப்பிட்டுப் பாக்கிறதுக்குப் போட்ட வயசு. ரத்தம் படுறவங்களுக்கு வயசு ஏது? தொண்ணூறு வயசுல வந்தாலும் பாப்போம். சொல்லப்போனா வயசானவங்களுக்குத்தான் இது அதிகமா முத்திப்போன பிறகு தெரியவருது. புருஷன் போயாச்சு, பிள்ளை பெத்தாச்சு, இனி அங்க என்ன இருக்குன்னு யாரும் எட்டிப் பாக்கிறதில்லை."

"இப்ப என்ன செய்றது?"

"கூட்டிட்டு வாங்க. பெரிசாக் காட்டுற கண்ணாடி வழியா அந்த இடத்தைப் பாப்பாங்க. துளி சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்புவாங்க. அப்பதான் என்னன்னு உறுதியாத் தெரியும். சின்னதா இருந்தா எடுத்துப் போட்டுட்டு வீட்டுக்குப் போகலாம்."

"ஆடு குட்டி போட்ட பிறகு வர்றேங்கிறா."

"குளோரிந்தா, உள்ள இருக்கிறதுக்கு ஆட்டுக் கணக்கெல்லாம் தெரியாது."

அக்கா, இந்த இடத்தில் எனக்கு வேடிக்கையாக எதுவும் எழுத வரவில்லை. பத்து மாதமாகிறது. உன்னைக் கெஞ்சுகிறேன், வா. என் கட்டிலில் படு, எவாரிஸ்தோவைச் சோபாவில் போடுகிறேன். பன்றியை விடு. உன்னைப் பார்க்கப் போவது பெண் டாக்டர், விளக்கு மின்சாரத்தில் எரியும், மீசை வைத்தவன் யாரும் அறைக்குள் இருக்கமாட்டான். கேட்டுவிட்டேன்.

வரும் வரைக்கும் உன் பெயரை இங்கே வேறு யாரிடமும் சொல்லமாட்டேன். ஊருக்கு நான்தான் நோயாளி. ஆட்டுக்குட்டி சாட்சி.

உன் தங்கை,
குளோரிந்தா


லாய்மாவே தீவு
7 ஜூலை 1996

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதம் படித்தேன். இரண்டு நாள் அடுப்படியில் உட்கார்ந்திருந்தேன். மூன்றாம் நாள் ஆடுகளைப் பார்த்துக்கொள்ள ஆள் கேட்க லிசாந்த்ரோவிடம் போனேன். வேறு யாரும் இல்லை.

"எதுக்கு ஞானத்தாயே இந்தக் குளிர்ல புன்டா அரினாஸ்?"

"தங்கச்சி வீட்டுல ஆட்டுக்குட்டி வந்திருக்கு. பாக்கணும்."

"இங்க இருபத்தாறு இருக்கே, பத்தலையா?"

பிறகு சொன்னேன். அடுப்பைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். அவனும் அடுப்பைப் பார்த்துக்கொண்டு கேட்டான். விளக்குப் பிடிக்கிற விஷயத்தையும் சொன்னேன். அவன் தலை நிமிர்ந்தான்.

"நான் எங்க விளக்குப் பிடிக்கிறேன்? மூணு வருஷமா அதுக்குக் கம்பித் தாங்கி இருக்கு. நான் வெளிய மழையில நின்னு கதவு காத்துல அடிக்காம இழுத்துப் பிடிச்சுக்கிட்டு இருக்கேன்."

"அடப்பாவி! அதை ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"நான் எப்படி ஞானத்தாயே உங்ககிட்ட வந்து, நீங்க படுக்கிறப்ப நான் உள்ள இருக்கமாட்டேன்னு சொல்றது?"

உண்மைதான். அவனாலும் சொல்ல முடியாது, என்னாலும் கேட்க முடியாது. இருவரும் சிரித்தோம். பிறகு அவன் மூக்கைச் சிந்தினான். புகை என்றான். கதவைத் திறந்து வைத்திருந்தோம், புகை இல்லை.

பதினாறாம் தேதிக் கப்பலில் வருகிறேன். பன்றி இன்னொரு வருஷம் இருக்கும். இந்த விவகாரத்தில் இதுவரை லாபம் அதற்கு மட்டும்தான்.

மட்டி கொண்டுவருகிறேன். எவாரிஸ்தோவைச் சோபாவில் போடாதே, முட்டி தாங்காது.

எடெல்மிரா


புன்டா அரினாஸ்
20 அக்டோபர் 1996

அன்புள்ள எடெல்மிரா அக்காவுக்கு,

வீடு போய்ச் சேர்ந்து சுகமாக இருப்பாய். தையல் போட்ட இடம் இழுக்கிறதா? குனிந்து எதையும் தூக்காதே. நாங்கள் சுகம். நீ போன மூன்று வாரமாக எவாரிஸ்தோ சாப்பாட்டைக் குறை சொல்கிறான். நீ சமைத்த உருளைக்கிழங்கு அடை மாதிரி இல்லையாம். இந்த மனுஷனுக்குக் குறை சொல்ல வாய் இருந்ததே எனக்குத் தெரியாது.

நீ மயக்கத்தில் இருந்தபோது நடந்ததைச் சொல்கிறேன். டாக்டரம்மா வெளியே வந்து, "கர்ப்பப்பையை எடுத்தாச்சு. வெளிய எங்கேயும் பரவின மாதிரி தெரியலை. சின்னதா இருந்தப்பவே பிடிச்சுட்டோம்" என்றாள். நான் அவளைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்தேன். பிறகு பக்கத்தில் நின்ற ஆளையும் கட்டிப்பிடித்தேன். அவர் யாரோ குடல்வால் நோயாளியின் அப்பா.

எர்மெலிந்தாவிடம் நீ சொல்லச் சொன்னபடியே உண்மையைச் சொன்னேன். ஒரு நிமிஷம் வாயடைத்து நின்றாள். அந்த ஒரு நிமிஷத்துக்காகவே இத்தனையும் பட்டிருக்கலாம்.

"அப்ப நான் அழுதது?"

"அக்காவுக்காக அழுததா வச்சுக்கோ."

"எனக்கு உங்க அக்காவைத் தெரியாதே!"

இப்போது தெரியும். நீ அவளுக்குப் பின்னிக் கொடுத்த காலுறையைப் பூசைக்குப் போட்டுக்கொண்டு வருகிறாள். பிங்கோவில் சேர்ந்தது எல்லாம் உன் பேருக்குத்தான் செலவானது என்று சங்கத்தில் அறிவித்தாள். ஆட்டுக்குட்டியை விருந்தாக்கலாம் என்று ஒருவன் சொல்லிப் பார்த்தான். நீ அதற்கு டெல்ஃபினா என்று பெயர் வைத்துவிட்டுப் போயிருக்கிறாய், எப்படி வெட்டுவது? என் கொல்லையில் நின்று துணிக்கொடியைத் தின்கிறது.

இன்னொன்று. உன் கதையைப் பெயர் சொல்லாமல் சங்கத்தில் சொன்னேன். சரி, மூன்றாம் தடவை பெயர் சொல்லிவிட்டேன். அன்று கூட்டம் முடிந்தபின் எழுபத்திரண்டு வயது கிழவி ஒருத்தி என் கையைப் பிடித்து ஓரமாக இழுத்துப் போய், "எனக்குத் தெரிஞ்ச ஒருத்திக்கு..." என்று ஆரம்பித்தாள். "வாங்க டெல்ஃபினா" என்று நேரே மருத்துவமனைக்குக் கூட்டிப் போனேன். அவளுக்கு ஒன்றும் இல்லை, வெறும் தோல் வறட்சிதானாம். அதோடு எனக்கு இந்த ஜுரம் பிடித்துக்கொண்டது. வியாழக்கிழமைதோறும் பெண்களைத் திரட்டிக்கொண்டு போகிறேன். இதுவரை நாற்பத்துமூன்று பேர்! வாசலில் நின்று ஒவ்வொருத்தியையும் உள்ளே தள்ளுகிறேன். தயங்குகிறவளிடம், "ரெண்டு நிமிஷம்தான், கூரையைப் பாத்துக்கிட்டு மழையைப் பத்திப் பேசு" என்கிறேன். போன வாரம் வானொலியில் கூப்பிட்டு என்னைப் பேசவைத்தார்கள். காளைத் தகவலுக்கு முன்னால்! "வெட்கத்தை வீட்டில் விட்டுவிட்டு வாருங்கள்" என்றேன். தெருவில் ஆண்கள் இன்னும் தொப்பியைக் கழற்றுகிறார்கள், இப்போது பயத்தில்.

உன் அடுத்த பரிசோதனைக்குத் தவறாமல் போ. லிசாந்த்ரோவைக் கேட்டதாகச் சொல்.

ஆயிரம் முத்தங்கள்,
குளோரிந்தா


லாய்மாவே தீவு
12 நவம்பர் 1996

அன்புத் தங்கைக்கு,

ஆண்டவர் கிருபையால் நான் நலம். இதை யோசித்துத்தான் எழுதுகிறேன். நீயும் எவாரிஸ்தோவும் டெல்ஃபினாவும் நலமாக இருங்கள்.

இருபத்தாறு ஆடு முப்பத்தெட்டு ஆகிவிட்டது. ஒன்றைத் தவிர எல்லாக் குட்டிகளையும் லிசாந்த்ரோ காப்பாற்றியிருக்கிறான். பன்றி கொழுத்துவிட்டது, என்னைப் பார்த்தால் உறுமுகிறது. புகைக்கொட்டகைக்குப் பின்னால் இப்போது கொடி கட்டவில்லை. துணிகளை எரித்துவிட்டேன்.

போன வாரம் படகு வந்தது. இங்கேயே போய்ப் படுத்தேன். லிசாந்த்ரோ வெளியே நின்று கதவைப் பிடித்துக்கொண்டு, "ஞானத்தாயே, மேற்கே மேகம் கட்டுது!" என்று கத்தினான். "கத்தாதேடா!" என்று உள்ளேயிருந்து நான் கத்தினேன். மருத்துவச்சி சிரித்ததில் கையிலிருந்ததைக் கீழே போட்டுவிட்டாள். எல்லாம் சுத்தமாக இருக்கிறது என்றாள்.

கதவில் இருந்த தாளில் 64 என்ற எண்ணுக்குக் கீழே அவன் பேனாவால் எழுதியிருக்கிறான்: ரத்தம் பட்டால் எந்த வயதிலும். எழுத்துக் கோணல். வாசிக்க முடிகிறது.

நீ நாற்பத்துமூன்று பேரை உள்ளே தள்ளியதை அவனுக்குப் படித்துக் காட்டினேன். வானொலியில் பேசியதையும். ரொம்பப் பெருமைப்பட்டான். நானும்தான்.

வியாழக்கிழமை காலை ஏழரைச் செய்திக்குப் பிறகு வானொலியைக் கேள். உனக்கு ஒரு தகவல் கொடுக்கச் சொல்லி அனுப்பியிருக்கிறேன்.

உன் அக்கா,
எடெல்மிரா

பி.கு.: உங்கள் மருத்துவச்சியம்மா லிசாந்த்ரோவுக்கு ஒரு காகிதம் அனுப்பியிருந்தாள். பிப்ரவரியில் எடுத்த கண்ணாடிச் சில்லை என் பேருக்கு மாற்றிவிட்டாளாம். அடியில் ஒரு வரி இருந்தது. குளோரிந்தா மன்சியா, வயது 57: இன்று வரை பரிசோதனை ஏதும் இல்லை.